செயலாளரின் ஆண்டறிக்கை: தலைமை மாறிய ஆண்டு

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டின் பெரிய செய்தி ஒன்றுதான். நம் மாணவர் பரிமாற்றச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தலைவராக இருந்தவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

விலகல் கடிதம் வந்ததும் செயற்குழு செய்த முதல் காரியம், இன்னும் ஓராண்டு இருக்கும்படி அவரைக் கெஞ்சியது. அவர் மறுத்துவிட்டார். மறுத்தது நல்லதென்று இப்போது தெரிகிறது. அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. வெளிநாட்டு மாணவரைத் தங்கவைக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும், எந்த வீட்டில் தனி அறை இருக்கிறது, பருவத்தின் நடுவில் வருபவரை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், எந்த நாட்டு அமைப்பு கடிதத்துக்கு உடனே பதில் போடும் என எல்லாம் அதில்தான் இருந்தன. சங்கத்து அலமாரியில் இருந்தவை கூட்டக் குறிப்புகளும் பாராட்டுப் பத்திரங்களும்.

இதன் விளைவை ஓர் இரவு பார்த்தோம். பரிமாற்றத்தில் வந்திருந்த மாணவிக்குக் கடும் காய்ச்சல். அவர் பெற்றோர் கையெழுத்திட்ட மருத்துவச் சம்மதப் படிவத்தை மருத்துவமனையில் கேட்டார்கள். அது எங்கே இருக்கிறதென்று புதிய தலைவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பழைய தலைவரை எழுப்பி, அரை மணி நேரத்தில் கண்டெடுத்தோம். மாணவி நலமடைந்தார். அந்த அரை மணி நேரத்துக்குப் பொறுப்பு செயலாளராகிய நான்தான். இப்போது நோட்டுப் புத்தகம் முழுவதும் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஒவ்வொரு மாணவரின் படிவங்களும் இரண்டு பேர் கையில் இருக்கின்றன. தங்கியிருக்கும் வீட்டைச் சேராத ஒருவர் மாதந்தோறும் மாணவருடன் தனியாகப் பேசுகிறார்.

தலைவரின் பதவிக் காலத்துக்கு வரம்பு வைப்பது பற்றிய விவாதம் மூன்று கூட்டங்களை விழுங்கியது. எதிர்த்த மூத்த உறுப்பினர் வெறுங்கையோடு வரவில்லை. ஸ்டீபன் கலாட்டி 1936 முதல் 1964-இல் இறக்கும்வரை ஏ.எஃப்.எஸ். (அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்) அமைப்பை நடத்தினார், உலகப் போர்களில் காயம்பட்டவர்களைச் சுமந்த அந்த ஆம்புலன்ஸ் தொண்டர் படை, 1947-இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்துக்குத் திரும்பியது அவர் காலத்தில்தான். அமெரிக்காவின் சர்வதேசக் கல்வி நிறுவனத்தை ஸ்டீபன் டக்கன் 1919 முதல் 1946 வரை நடத்தினார். "இவர்களை மூன்றாண்டில் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?" என்று அந்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பொருளாளர் பதில் சொன்னார்: "டக்கன் இயக்குநர், அவருக்கு மேலே அறங்காவலர் குழு இருந்தது. நம்மிடம் தலைவரே குழு, தலைவரே அலுவலகம்." மூன்றாண்டுக் காலம், அதிகபட்சம் இரண்டு முறை என்ற திருத்தம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. நான் ஆதரித்து வாக்களித்தேன்.

புதிய தலைவரின் முதல் முடிவு சிலருக்குக் கசந்தது. தங்கும் குடும்பம் உறுதியாகாத எந்த மாணவரையும் ஏற்பதில்லை என்று பங்காளி அமைப்புகளுக்கு எழுதிவிட்டார். எண்ணிக்கை குறையும், அடுத்த அறிக்கையில் அது தெரியும். வந்து இறங்கிய பிள்ளைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்கள் இதை எதிர்க்கவில்லை.

வெளிநாட்டில் ஓராண்டு படித்துத் திரும்பிய இருவருக்குச் செயற்குழுவில் இடம் தந்தோம். முதல் கூட்டத்திலேயே, ஆண்டு விழா மேடைக்குச் செலவிடும் பணத்தில் பாதியைக் குடும்பங்களுக்கான பயிற்சிக்குத் திருப்பச் சொன்னார்கள். வந்த புதிதில் இருக்கும் உற்சாகம் வடிந்து, மாணவர் கதவைச் சாத்திக்கொள்ளும் நாட்களில் வீட்டார் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தந்ததில்லை என்பது அவர்கள் வாதம். ஏற்றுக்கொண்டோம். நடன உடைகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒன்று மட்டும்: போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணம், 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அமெரிக்காவின் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டத்துக்கு முதலாயிற்று. நம்மிடம் விற்பதற்கு மிஞ்சியவை பழைய நாற்காலிகள். எனவே நிலுவைச் சந்தாவைச் செலுத்த வேண்டுகிறேன்.

துணைத் தலைவர் பதவி இன்னும் காலியாக இருக்கிறது. வேட்புமனுப் படிவங்கள் வாசல் மேசையில் உள்ளன. கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தரலாம்.

செயலாளர்