சிட்அவுட் கதவுக்குப் பூட்டு

அன்புள்ள கயலுக்கு,

சிட்அவுட்டுக்குப் போடப்போகிற ஸ்லைடிங் கண்ணாடிக் கதவுக்காக நீ அனுப்பிய மூன்று கைப்பிடிப் படங்களையும் பார்த்தேன். கறுப்பு நிறத்தது லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கைப்பிடியை முதலில் பிடித்துவிட்டுப் பூட்டைத் தேடுவது, சவுக்கு வாங்கிவிட்டுக் குதிரை தேடுகிற கதை கண்ணு. பூட்டு முடிவானால் எந்தக் கைப்பிடி உட்காரும் என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும். அதுவும் கதவு செய்து தரும் ஃபேப்ரிகேட்டர் கட்டிங் போடுவதற்கு முன்னால் முடிவாக வேண்டும். யூபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் பூட்டுக்கான பள்ளத்தைப் பட்டறையில் மெஷினில் வெட்டிவிட்டால், பிறகு அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

முதலில் எடையைப் பார். 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. உங்கள் கதவு 8 அடி அகலம், 7 அடி உயரம். நகரும் ஒரு பாதியில், அதாவது ஒரு ஷட்டரில், கண்ணாடி மட்டுமே முப்பது கிலோவைத் தாண்டும், சட்டமும் உள்ளே இருக்கும் இரும்பும் தனி. இதை இரண்டு விரல் மட்டும் நுழைகிற சின்ன டச் லாக்கைப் பிடித்து இழுத்தால் நகக்கண்தான் போகும். டச் லாக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல மாடல்கள் கதவை வேகமாகத் தள்ளினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும். நீ துணி காயப்போட வெளியே நிற்கும்போது குட்டிப்பயல் உள்ளிருந்து தள்ளிவிட்டால் நீ வெளியே, அவன் உள்ளே. ஜன்னலுக்கு அது போதும், இந்தக் கதவுக்கு வேண்டாம்.

மல்டி பாயின்ட் லாக் என்று கேள். கைப்பிடியைத் திருப்பினால் சட்டத்துக்குள் ஒரு பட்டைக் கம்பி நகர்ந்து, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் கொக்கி மாட்டும். கொக்கி என்பதை அடிக்கோடிட்டுக்கொள். சாதாரணக் கதவில் நீளும் நேர் நாக்கு ஸ்லைடிங் கதவுக்கு உதவாது. அது போய் நுழைகிற திசையிலேயே கதவும் நகர்வதால், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வளைந்த கொக்கியோ காளான் தலைக் குமிழோ இருந்தால்தான் நாதாங்கியைப் பிடித்து நிற்கும். இரண்டு கண்ணாடி ஷட்டரும் நகரும் என்றால் இரண்டுக்கும் பூட்டு வேண்டும். வெளியிலிருந்து திறக்கும் சாவி ஒன்றுக்கு மட்டும் போதும்.

நாதாங்கியில்தான் பெரும்பாலும் ஏமாற்று நடக்கிறது. பூட்டு எவ்வளவு உசத்தியானாலும், நாதாங்கியைப் பிடிக்கும் திருகு வெறும் பிளாஸ்டிக்கில் இறங்கியிருந்தால் ஒரு கடப்பாரை நெம்பலுக்குத் தாங்காது. சட்டத்தின் பிளாஸ்டிக் சுவர் 3 மி.மீ.கூட இருக்காது. திருகு அதைத் தாண்டி உள்ளே இருக்கும் இரும்புப் பட்டையில் கடிக்க வேண்டும். சைடு சட்டத்தில் இரும்பு போட்டிருக்கிறார்களா என்று மூலை ஒட்டும் முன்பே போய்ப் பார்த்துவிடு. அப்புறம் பார்க்க வழியில்லை.

இனி சிலிண்டர், அதாவது சாவி நுழைகிற உருளை. யூரோ புரொஃபைல் என்று கேட்டால் கடையில் எடுத்துப் போடுவார்கள். அளவை நடுவில் இருக்கும் திருகு ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 30/30 என்றால் மொத்தம் 60 மி.மீ., 35/35 என்றால் 70. ஐந்தைந்தாக ஏறும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கைப்பிடித் தகட்டையும் சேர்த்து அள, அதை மறந்துவிட்டுச் சட்டத்தை மட்டும் அளப்பவர்கள் அதிகம். வெளிப்பக்கம் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிலிண்டரின் மெலிந்த இடமே அந்த நடு ஓட்டைதான். வெளியே நீட்டினால் குறட்டால் பிடித்து ஒடிக்கத் திருடனுக்குத் தோது.

உள்பக்கம் சாவித் துவாரமா, திருகு குமிழா என்று கேட்டிருந்தாய். குமிழ் போடு. ராத்திரியில் தீ, புகை என்றால் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தரைத்தளம் என்பதால் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுக் குமிழைத் திருப்பலாம் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து பூட்டில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. டஃபண்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி அடித்தால் மொத்தமாகச் சிறு கற்களாகக் கொட்டி வழிவிட்டுவிடும். இரண்டு கண்ணாடியைப் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலம் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். எடை கூடும், அதனால் ஷட்டரின் அடியில் ஓடும் சக்கரமான ரோலரையும் அந்த எடைக்குத் தக்கபடி கேள்.

இப்போது உன் கைப்பிடி. உங்களுடையது மூன்று டிராக், அதாவது ஷட்டர்கள் ஓட மூன்று தடம். கொசுவலை ஷட்டர் உள்டிராக்கில் ஓடுகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படியென்றால் நீ ஆசைப்படும் அந்த உயரமான, வெளியே துருத்தி நிற்கும் கறுப்பு டி ஹேண்டில், கண்ணாடி ஷட்டரின் அறைப்பக்கத்தில் வரவே முடியாது. வலையை இழுத்தால் இடிக்கும். எந்த முகத்தை ஒட்டி இன்னொரு ஷட்டர் ஓடுகிறதோ, அந்த முகத்தில் பள்ளத்துக்குள் பதிந்த கைப்பிடிதான். டி ஹேண்டில் உள்ளோரத்து ஷட்டரின் அறைப்பக்கத்திலும், வெளியோரத்து ஷட்டரின் வெளிப்பக்கத்திலும் மட்டும் வரலாம். வலையை வெளி டிராக்குக்கு மாற்றினால், உள் டிராக்குக்கு வரும் கண்ணாடி ஷட்டரில் உன் கறுப்புக் கைப்பிடி உட்காரும். இன்றே ஃபேப்ரிகேட்டரிடம் கேட்டுவிடு.

உட்காரும் என்றால் மூன்று அளவு ஒத்துப்போக வேண்டும்: நடுவில் போகும் சதுரக் கம்பியின் கனம் (கதவுப் பூட்டில் பெரும்பாலும் 8 மி.மீ., ஜன்னல் கைப்பிடியில் 7), கம்பி மையத்திலிருந்து சிலிண்டர் மையத்துக்கு உள்ள தூரம், தகட்டின் இரண்டு திருகுகளுக்கு இடையே உள்ள தூரம். 8 மி.மீ. ஓட்டையில் 7 மி.மீ. கம்பியைச் செருகினாலும் திரும்பத்தான் செய்யும். ஆறு மாதத்தில் ஓட்டை தேய்ந்து கைப்பிடி தொளதொளக்கும்.

நீலாங்கரை உப்புக்காற்றை மறக்காதே. கடையில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) என்று சொல்வதெல்லாம் ஒன்றில்லை. 304 ரகம் கடலோரத்தில் டீக்கறை மாதிரிப் பழுப்பேறும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பில்லில் 316 என்று எழுதி வாங்கு. உன் கறுப்புக் கைப்பிடி ஜிங்க் அலாய் (துத்தநாகக் கலவை) என்றால், பூச்சுக்கு உப்புத் தெளிப்புச் சோதனை எத்தனை மணி நேரம் என்று கேள். ஐரோப்பியத் தரம் இஎன் 1670-இல் 240 மணி நேரம் என்பது 4-ஆம் நிலை, 480 மணி நேரம் 5-ஆம் நிலை. உனக்கு ஐந்து. திருகும் அதே 316 ஆக இருக்கட்டும். நல்ல கைப்பிடிக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) திருகு போட்டால் ஒரே மழையில் துருக்கோடு வழியும். ட்ரில் போட்ட இரும்புத் தூளையும் அன்றைக்கே துடைத்துவிடச் சொல்.

மாட்டி முடித்த அன்று பணம் கொடுக்கும் முன், பூட்டிய கதவை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பார். மேல் டிராக்கில் தடுப்புக் கட்டை வைக்காவிட்டால் கொக்கி கழன்று ஷட்டர் கையோடு வந்துவிடும். பூட்டே உடையாமல் கதவு போகும் வழி அது. பிறகு கைப்பிடியை ஒரு விரலால் திருப்பு. இறுக்கமாக இருந்தால் கொக்கியும் நாதாங்கியும் நேராக இல்லை என்று அர்த்தம். ஷட்டரின் கீழ் ஓரத்தில் ரோலர் திருகு இருக்கும், அதைச் சற்றுத் திருப்பி ஷட்டரை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். வருஷம் போக ரோலர் தேய்ந்து 2 மி.மீ. இறங்கினாலும் இதே கோளாறு வரும். அப்போது கைப்பிடியை முறுக்காதே, உள்ளே பல் உடையும். டிராக்கில் சேரும் கடல் மணலைப் பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒருமுறை எடு.

சிலிண்டருக்குள் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் வீட்டில் உண்டு, அதை அங்கே செய்யாதே. மணலும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகிவிடும். கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும். சாவியோடு வரும் கார்டைத் தனியே பத்திரப்படுத்து, டூப்ளிகேட் போட அது இல்லாமல் முடியாது என்கிற கம்பெனிகள் உண்டு.

டிராக் வரிசை, சட்டத்தின் கனம், கம்பியிலிருந்து சிலிண்டர் தூரம், இந்த மூன்றையும் எழுதி அனுப்பு. கட்டிங் திங்கட்கிழமை என்றால் ஞாயிறு மதியத்துக்குள் வந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா