ஃபேன் ஏன் கத்துகிறது என்று முதலில் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் திறந்தாலே ஃபேன் கத்துகிறது, சிபியு, அதாவது பிராசஸர், 100 சதவீதம் காட்டுகிறது, வைரஸ்தான் புகுந்திருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடப் போகிறேன் என்றாய். அவசரப்படாதே. ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதானே என் வேலை, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் உன் ஆய்வுக் கட்டுரையையும் போட்டோக்களையும் ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடு. கட்டுரை, படம், கணக்கு இவை மட்டும் போதும். இன்ஸ்டால் செய்யும் ஃபைல் எதையும் அதில் ஏற்றாதே. காப்பி முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடு. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை வைரஸாக இருந்தால், செருகியபடி கிடக்கும் டிஸ்கையும் அது விட்டுவைக்காது.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. எந்தப் புரோகிராம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் இழுப்பது மேலே வந்து நிற்கும். பழைய மெஷின் ஆன் ஆன முதல் பத்து நிமிஷம் எப்படியும் திணறும், அதைக் கணக்கில் எடுக்காதே. அது அடங்கிய பிறகும் மேலே நிற்கும் பெயர் எது என்று பார்.

‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூடபிள்’ என்றிருந்தால் அது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர், ஏதோ ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறது. ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ என்றால் அப்டேட் வேலை. இரண்டுமே பழைய பிராசஸரை நன்றாக இழுக்கும், ஆனால் முடிந்ததும் அடங்கிவிடும். ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ 95 காட்டினால் பயந்துவிடாதே. பிராசஸர் 95 சதவீதம் சும்மா இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ விடாமல் மேலேயே நின்றால், பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளிலோ ஏதாவது ஒரு பாகத்திலோ கோளாறு. அதற்கு எத்தனை முறை வைரஸ் ஸ்கேன் ஓட்டினாலும் பலனில்லை.

‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்று நிறைய வரிகள் இருக்கும். எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். விண்டோஸின் பல வேலைகள் இந்தப் பெயரில்தான் ஓடுகின்றன, அதனால் வரிகள் பலவாக இருப்பது இயல்பு. நீ பார்க்க வேண்டியது அது இருக்கும் இடத்தை. ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 திறந்தால் சரி. 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரிலும் இருக்கலாம். அதே பெயர் டெம்ப் ஃபோல்டரிலோ ஆப்டேட்டாவிலோ உட்கார்ந்திருந்தால், அல்லது நடுவில் ஒரு எழுத்து மட்டும் இடம் மாறியிருந்தால், அது வேஷம் போட்டு வந்தது. அதற்காக ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் திருட்டு என்று முடிவு கட்டிவிடாதே, நல்ல புரோகிராம்கள் பலவும் அங்கேதான் இன்ஸ்டால் ஆகின்றன. ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா, யாருடையது என்று பார்த்துக்கொள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது என்றாயே, என்னை யோசிக்க வைத்தது அதுதான். இதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். நீ எழுந்து போனதும் விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளைத் தொடங்கும், திரும்பி வந்து மவுஸைத் தொட்டால் நிறுத்திக்கொள்ளும். இது சாதாரணம். இன்னொன்று, கிரிப்டோ மைனர். உனக்குத் தெரியாமல் உன் பிராசஸரைக் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் நாணயம் ஈட்டி (இதைத்தான் தோண்டுவது என்பார்கள்), காசை வேறு யாருக்கோ அனுப்பும் புரோகிராம். அவற்றில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். திறந்த உடனே வேலையை நிறுத்தி ஒளிந்துகொள்ளும். பழைய லேப்டாப்பில் தோண்டி என்ன கிடைக்கும் என்று நினைக்காதே. மொனேரோ என்ற நாணயம் 2019 நவம்பரில் ராண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறியது. சாதாரண பிராசஸரில் தோண்டுவதற்கென்றே அமைத்த முறை அது. அதனால்தான் இந்தத் திருடர்களுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் ஆகும்.

இரண்டில் எது என்று நீயே கண்டுபிடித்துவிடலாம். சார்ஜரைச் செருகி, லேப்டாப் தூங்கிப்போகாதபடி செட்டிங்கை மாற்றிவிடு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு எதையும் தொடாமல் அரை மணி நேரம் விடு, ஃபேன் சத்தத்தைக் கவனி. பிறகு அதை மூடிவிட்டு, மறுபடி தொடாமல் அரை மணி நேரம். பராமரிப்பு வேலையாக இருந்தால், டாஸ்க் மேனேஜர் திறந்திருந்தாலும் நீ தொடாத வரைக்கும் அது ஓடும். திறந்திருக்கும்போது அமைதி, மூடியதும் இரைச்சல் என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு தடவை நடந்ததை நம்பாதே, வரிசையை மாற்றியும் செய்து பார்.

அடுத்து, பலரும் பார்க்காத ஓர் இடம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’, அதில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’, கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’. டிஃபெண்டர் எந்த ஃபோல்டரைப் பார்க்கவே கூடாது என்ற பட்டியல் அது. நீ எதையும் சேர்த்திருக்காவிட்டால் அது காலியாக இருக்க வேண்டும். மைனர் போன்றவை உள்ளே வந்ததும் முதல் காரியமாகத் தங்கள் ஃபோல்டரை இதில் சேர்த்துவிடுவதுண்டு, சில சமயம் மொத்த சி டிரைவையும் கூட. அப்படி இருந்தால் நீ எத்தனை ஸ்கேன் ஓட்டினாலும் ‘எதுவும் இல்லை’ என்றுதான் வரும். நீ ஏற்கெனவே ஓட்டிய ஸ்கேனில் வந்த ‘எதுவும் இல்லை’யை இதைப் பார்க்காமல் நான் நம்ப மாட்டேன். நீ சேர்க்காத வரி ஏதாவது இருந்தால், படம் எடுத்துக்கொண்டு, பிறகு நீக்கு.

அதன் பிறகு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டு. மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே ஸ்கேன் நடக்கும். சுமார் 15 நிமிஷம், உன்னுடையதில் இன்னும் கூட ஆகலாம். விண்டோஸ் ஓடாதபோது வைரஸும் ஓடாது, ஒளியவும் முடியாது. கண்டுபிடித்தது என்ன என்பது ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும்.

அழித்த பிறகும் மறுநாள் திரும்பி வருகிறது என்றால், எங்கோ ஒரு தானியங்கிக் கட்டளை மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில். தானாகத் தொடங்குபவற்றை எல்லாம் பட்டியலிட்டுக் காட்டும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் கிடைக்கும், அங்கிருந்து மட்டும் இறக்கு. மைக்ரோசாஃப்டின் வரிகளை மறைக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் படி. இளஞ்சிவப்பு வரிகள் கையெழுத்து சரியில்லாதவை, மஞ்சள் வரிகளுக்கு ஃபைலே இல்லை. சந்தேகமானதை டிக் எடுத்துவிடு, டெலீட் செய்யாதே. தப்பானதை எடுத்துவிட்டாலும் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் சுத்தம் என்று வந்தால் தூசியைப் பார். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது சின்ன வேலைக்கும் திணறும். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில், வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில் ‘ஸ்பீட்’ எண்ணை ‘பேஸ் ஸ்பீட்’ எண்ணோடு ஒப்பிடு. அதைவிட ரொம்பக் கீழே கிடந்தால் சூடோ சார்ஜரோதான் காரணம்.

திரையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று வந்தால் எக்காரணம் கொண்டும் அழைக்காதே, அதுவே ஏமாற்று. வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் கிளீனர் எதையும் போடாதே. ஏதாவது கிராக் செய்த சாஃப்ட்வேரோ ஆக்டிவேட்டரோ போட்டிருந்தால் என்னிடம் சொல்லிவிடு, திட்ட மாட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தேடுவது பாதி முடிந்தது.

லேப்டாப் மெதுவாக ஓடுவது எனக்குப் பெரிய கவலை இல்லை தம்பி. மைனரை உள்ளே விட்ட அதே வழியில் பாஸ்வேர்டு திருடுவதும் வந்திருக்கலாம், அதுதான் பயம். ஸ்கேனில் டிரோஜன் (நல்ல புரோகிராம் போல வேஷம் போட்டு வரும் வைரஸ்), மைனர் என்று எது வந்தாலும் சமாதானம் ஆகாதே. அப்போது நீ சொன்னபடியே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடு, இன்ஸ்டால் பென்டிரைவை மட்டும் வேறு கம்ப்யூட்டரில் தயார் செய். வெறும் விளம்பரம் காட்டும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்தான் என்றால் நீக்கினால் போதும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. உன் மெஷின் விண்டோஸ் 11ஐ ஏற்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடு, எழுதவும் படிக்கவும் அது நன்றாகவே போதும்.

பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாதே, உன் போனில் மாற்று. மெயில் முதலில், பிறகு பேங்க். எல்லா இடத்திலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ கொடு. பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கியை, அதாவது நீ ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டாய் என்று காட்டும் அடையாளத்தை, திருடியவனுக்கு பாஸ்வேர்டே தேவைப்படாது. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடு.

எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கம், புரொடெக்ஷன் ஹிஸ்டரி, இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை எதுவும் செய்யாதே. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா