கட்டையை எங்கள் கண் முன்னால் உருட்டுங்கள்

தாயம், லூடோ போன்ற பகடை ஆட்டங்களைச் செல்பேசிக்கு உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் விசேஷத்துக்கு ஊர் வந்தால்தான் தாயம். இப்போது உங்கள் செயலி இருப்பதால் நினைத்த நேரத்தில் ஆடுகிறோம். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே யாராவது ஒருவர், "இது வேண்டுமென்றே அவனுக்கு நல்லதாகப் போடுகிறது" என்று கோபித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025இல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அதைப் பற்றி நான் பேசவில்லை. காசே இல்லாத வீட்டு ஆட்டத்தில் வரும் சந்தேகத்தைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சந்தேகத்தில் பாதி எங்களுடைய கணக்குக் கோளாறு. பித்தளைக் கட்டை ஒன்றுக்கு நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் (ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றது ஒன்றாகவும் விழுவது) இரண்டே விதம், அதாவது 8இல் ஒன்று. அப்படியானால் முதல் பத்து உருட்டலில் தாயமே விழாமல் காயை இறக்க முடியாமல் தவிப்பவர்கள் நூற்றுக்கு 26 பேர். இருபது உருட்டியும் விழாதவர்கள் நூற்றுக்கு 7 பேர். நேர்மையான கட்டையே இப்படித்தான் படுத்தும். தரையில் ஆடும்போது "இன்றைக்கு நேரம் சரியில்லை" என்று எழுந்து போகிறவர், திரையில் ஆடும்போது செயலியைத் திட்டுகிறார்.

மறு பாதி உங்கள் பக்கம். "பன்னிரண்டு இவ்வளவு அடிக்கடி விழாதே!" என்று எங்கள் அப்பத்தா சொன்னபோது வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால்தான் பன்னிரண்டு. அது 16இல் ஒருமுறை. மூன்று விழ நான்கு வழி உண்டு, 4இல் ஒருமுறை வரும். ஆனால் நிரல் எழுதுகிறவர் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு எண்ணை வரிசையாக வைத்து அதில் ஒன்றைச் சமவாய்ப்பில் எடு என்று எழுதிவிட்டால், பன்னிரண்டு 7இல் ஒருமுறை வந்துவிடும். இரண்டு மடங்குக்கும் மேல்! எடுக்கும் முறையில் ஒரு சூதும் இல்லை, ஆனாலும் அது தாயக்கட்டை இல்லை. ஆயுள் முழுக்கக் கட்டை உருட்டிய கை அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே தயவுசெய்து இரண்டு கட்டையைத் தனித்தனியாக உருட்டி, பிறகு கூட்டுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். தோற்பவர் மனம் நோகக் கூடாது என்று பகடையை ரகசியமாகச் சாய்க்கும் வழக்கம் ஆட்டத் துறையில் உண்டு. 3:1 என்று வாய்ப்பு சாதகமாக இருந்தும் தோற்றால் ஆடுகிறவர்கள் ஏற்பதில்லை என்று சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெயர் 2010இலேயே பேசியிருக்கிறார். தனியாக ஆடும் ஆட்டத்தில் அது சரி, கணினிக்கு மனம் நோகாது. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டம், தொடர் தோல்வியைத் தடுக்கும் கார்மிக் பகடையை அமைப்புப் பக்கத்தில் வெளிப்படையாக வைத்திருக்கிறது, வேண்டாதவர் அணைத்துவிடலாம். ஆனால் நான்கு பேர் சேர்ந்து ஆடும் தாயத்தில் ஒருவருக்குச் சாய்த்தால் அது மற்ற மூவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பது. இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவரை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம், விளம்பரம் பார்த்தவருக்குப் பரிசாகவும் வேண்டாம்.

"நாங்கள் சாய்ப்பதில்லை" என்று நீங்கள் எழுதி வைத்தால் மட்டும் போதாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு ஆடும்போது, உள்ளங்கைகளுக்கு நடுவே கட்டையைத் தேய்த்து உருட்டுவதை எல்லாரும் பார்க்கிறோம். தூணில் சாய்ந்து நின்றால் அது செல்லுமா செல்லாதா என்று நாலு பேர் சேர்ந்து முடிவு செய்கிறோம். எதிராளி பேச்சை நம்பி யாரும் ஆடுவதில்லை, பார்த்துத்தான் ஆடுகிறோம்.

திரையிலும் அது முடியும். ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் சர்வர் ஒரு நீண்ட ரகசிய எண்ணை எடுத்து, எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கு முறையில் அதன் முத்திரையை (எண்ணிலிருந்து கிடைக்கும் குறியீடு, அதை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது) மட்டும் எங்களுக்குக் காட்டட்டும். அதன் பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பங்குக்கு ஓர் எண் கொடுக்கிறோம். எல்லாம் சேர்ந்து உருட்டலைத் தீர்மானிக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் ரகசிய எண்ணை வெளியிடுங்கள். முத்திரையோடு பொருந்துகிறதா, அதே உருட்டல்கள்தான் வருகின்றனவா என்று கணக்குத் தெரிந்த பிள்ளை யாராவது சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணை நடுவில் மாற்றினால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். இது புதிய வித்தையும் இல்லை, பெரிய செலவும் இல்லை.

அப்புறம், கடைசியில் ஒரு பதிவு வேண்டும்: யார் எத்தனை உருட்டினார்கள், எத்தனை தாயம், எத்தனை பன்னிரண்டு. பக்கத்திலேயே, நூறு உருட்டலில் தாயம் 8 வந்தாலும் 17 வந்தாலும் இயல்புதான் என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். எதிராளிக்கு விழுந்தது மட்டும் நினைவில் நிற்கிறவர்களுக்கு அது தேவை.

வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க எங்கள் வீடுகளில் விடிய விடிய ஆடுவார்கள். முத்திரை ஏற்பாட்டுக்கு நாள் பிடிக்கும் என்றால், அதற்குள் இரட்டைக் கட்டைக் கணக்கையும் இந்தப் பதிவையும் மட்டுமாவது சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவர்