சானொக்கில் நடந்த கல்யாணம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்துபோயிற்று. கணவர் போய் இத்தனை வருடம் பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்து ஆளாக்கியவள். "ஐம்பது வயதில் இது தேவையா?" என்று உன் சித்தி வீட்டார் பேசுவதையும் எழுதியிருந்தாய். கோபம் தாங்கவில்லை எனக்கு.

மகன் கிராக்கோவில் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். நானும் போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வந்தேன். வாவெல் குன்றின் மேல் போலந்து அரசர்களின் தேவாலயம் இருக்கிறது. அங்கே ஒருத்தியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். உன் கடிதத்தைப் படித்தது முதல் அவள் நினைவாகவே இருக்கிறது.

பெயர் எல்ஷ்பியெட்டா. அரச குலத்தவள் இல்லை, பெரிய பிரபு வீட்டுப் பெண். அப்பா பிலிட்சா ஊர் ஓட்டோ, சாண்டோமியெஷ் பகுதியின் ஆளுநர். அம்மா மெல்ஷ்டின் வம்சத்து யாத்விகா. ஒரே வாரிசு என்பதால் பிலிட்சா, வான்சுட் என்று அப்பாவின் சொத்தெல்லாம் அவளுக்கு வந்தது. சொத்துள்ள பெண் தனியாக நின்றால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொராவிய வீரன் ஒருவன் அவளைக் கடத்திக்கொண்டு போய் மணந்தான் என்றும், அவனிடமிருந்து இன்னொருவன் பறித்துக்கொண்டான் என்றும் சொல்கிறார்கள். மூன்றாவதாக வந்த வின்சென்டி கிரனோவ்ஸ்கியோடுதான் குடும்பம் என்று ஒன்று அமைந்தது. அவர் வீல்கோபோல்ஸ்கா மாநிலத்தின் தலைமை அதிகாரி. பிள்ளைகள் பிறந்தார்கள். 1410-இல் அவரும் இறந்துவிட்டார்.

அப்போது போலந்தை ஆண்டவர் விளாடிஸ்வாவ் யகியெவோ. லித்துவேனியாவிலிருந்து வந்து, 1386-இல் கிறிஸ்தவராகி, ராணி யாத்விகாவை மணந்து அரியணை ஏறியவர். கிருன்வால்ட் போரில் ஜெர்மானிய வீரத் துறவியரை முறியடித்தவர். அந்த ராணி 1399-இல் போனாள். இரண்டாம் மனைவி அன்னா 1416-இல் போனாள். மிஞ்சியது ஒரே மகள். ஆண் வாரிசு வேண்டும், இளவரசியாகப் பார்த்து மணக்க வேண்டும் என்று பிரபுக்கள் காத்திருந்தார்கள். அவரோ 1417 மே 2-ஆம் தேதி சானொக் என்ற சிறிய ஊரில் எல்ஷ்பியெட்டாவின் கையைப் பிடித்துவிட்டார்.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவளால் அவருக்கு எந்த நாட்டின் உறவும் கிடைக்கப்போவதில்லை. பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. அரசியல் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கல்யாணத்தில் லாபமே கிடையாது. அவளைப் பிடித்திருந்தது, அதனால் மணந்தார். எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

நாடே கொதித்தது. வயதையும் முந்தைய கணவர்களையும் சொல்லிக் காட்டியது போதாதென்று, திருச்சபைச் சட்டத்தையும் எடுத்தார்கள். யகியெவோ ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு ஞானத்தாயாக நின்றவள் எல்ஷ்பியெட்டாவின் அம்மா. அப்படியானால் மணமக்கள் இருவரும் ஞான முறையில் அண்ணன் தங்கை; மணம் செல்லாது என்றார்கள். அப்போது கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியிருந்தது. அங்கிருந்து விலக்கு வாங்கித்தான் அந்த வாயை அடைக்க முடிந்தது. முடிசூட்ட வேண்டிய க்னியெஸ்னோ பேராயரும் அந்தச் சங்கத்துக்குப் போயிருந்தார். லிவிவ் பேராயரை வரவழைத்து, நவம்பர் 19-ஆம் தேதி வாவெலில் அவளுக்குக் கிரீடம் சூட்டினார் அரசர். மறைவாக வைத்திருக்கவில்லை வசந்தா, ஊரறிய ராணி ஆக்கினார்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அரசரின் செயலகத்திலேயே எழுத்தராக இருந்த ஸ்தானிஸ்வாவ் சியோவெக், அவளைப் பெண் பன்றியாகச் சித்திரித்து லத்தீனில் வசைப்பாடல் எழுதினான். வேலை போயிற்று. ஆனால் எத்தனை நாளைக்கு? அவள் கண்ணை மூடிய பிறகு அவன் திரும்ப வந்து அரசரின் செயலகத்துக்கே துணைத் தலைவர் பதவி பெற்று, 1428-இல் போஸ்னான் ஆயராகவே ஆகிவிட்டான். அடுத்த ராணிக்குப் பிறந்த இளவரசனைப் போற்றிப் பாடியதும் அவன்தான்.

அவளுக்குக் கிடைத்தது மூன்றே வருடம். காசநோய். 1420 மே 12-ஆம் தேதி கிராக்கோவில் இறந்தாள். அவள் சாவைக் கேட்டு ஊர் மகிழ்ந்தது என்று வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுதிவைத்திருக்கிறார். அவர் பிறந்தது 1415-இல். ஐந்து வயதுக் குழந்தை எதைப் பார்த்திருக்கும்? பிற்காலத்தில் கிராக்கோவ் ஆயரிடம் வேலை பார்த்தவர். பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டதைத்தான் எழுதியிருக்க வேண்டும். அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் பிடிக்காதவர்கள் சொன்னதுதான். அவள் பேசிய ஒரு வார்த்தை கிடைக்காதா என்று தேடினேன், கண்ணில் படவில்லை.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1422-இல் யகியெவோ நான்காவதாகச் சோஃபியாவை மணந்தார். அவர் வயது அறுபதுக்குக் குறையாது. அவளுக்கு இருபதுகூட நிரம்பவில்லை. ஆண் குழந்தைகள் பிறந்தார்கள், வம்சம் தழைத்தது. வயது வித்தியாசம் அங்கே தடையாகவில்லை.

தேவாலயத்தில் யகியெவோவின் கல்லறை சிவப்புப் பளிங்கில் இருக்கிறது. படுத்த நிலையில் அரசரின் உருவம். கீழே பீடத்தைச் சுற்றி வேட்டை நாய்களும் வல்லூறுகளும். வேட்டைப் பிரியராம். நாய்களின் முதுகெலும்பு மடிப்பைக்கூடச் சிற்பி விட்டுவைக்கவில்லை. எல்ஷ்பியெட்டாவையும் இதே தேவாலயத்தில்தான் மாதாவின் சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். பின்னால் வந்த அரசர் ஸ்டீபன் பாத்தரிக்குக் கல்லறை எழுப்பியபோது அவளுடையதை அகற்றிவிட்டார்கள். அங்கே பாத்தரியின் சிலையைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன்.

ஆனால் பிள்ளைகள் சோடை போகவில்லை. மகள் ஒருத்தி ஓப்போலே கோமகன் போல்கோவை மணந்தாள். மகன் யான், தாய்வழிப் பெயரை வைத்து பிலெட்ஸ்கி என்று அழைக்கப்பட்டு, கிராக்கோவ் கோட்டைத் தலைவராக உயர்ந்தான். வான்சுட் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அவள் வம்சத்தார் கையிலேயே இருந்தது. இரண்டு முறை கடத்தப்பட்டவள் என்று சொல்கிறார்களே, அவள் அந்த நிலத்தை விடாமல் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்திருக்கிறாள். வசைப்பாடல் எழுதியவன் கண்ணுக்கு இது படவில்லை.

சித்தி வீட்டுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. சுமதியின் பெரியவன் முன்னால் நின்று நடத்துகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அது போதும். அவர்கள் வந்தால் வரட்டும், வராவிட்டால் பந்தியில் இடம் தாராளமாக இருக்கும்.

தேதி குறித்ததும் உடனே எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும். முகூர்த்தப் பட்டு என்னுடையது. சுமதிக்கு அரக்குப் பிடிக்குமா, மயில் கழுத்து நிறம் பிடிக்குமா என்று கேட்டுச் சொல். உன் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, மருத்துவரைப் பார்த்தாயா?

அன்புடன்,
ராஜம்