விசாரிப்பவர்களுக்கும் தீர்ப்பளிப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய புலனாய்வு அதிகாரிகளே, அரசு வழக்கறிஞர்களே, நீதிபதிகளே,

பொய்ப் புகார் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. புகார் சொல்பவரை நம்பியே ஆகவேண்டும் என்கிறது ஒன்று. பொய்ப் புகார் பெருத்துவிட்டது, பிடித்து உள்ளே போடுங்கள் என்கிறது மற்றது. எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்க நான் இதை எழுதவில்லை. உங்கள் முன்னால் ஒருவர் வந்து ஒன்றைச் சொன்னால், அதை நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் சரிபாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். அது நடக்காமல் போனதால் சிதைந்த வாழ்க்கைகள் ஏராளம்.

1977இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன்னைக் கடத்திப் பலாத்காரம் செய்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தாள். கேரி டாட்சன் என்ற இளைஞர் கைதானார். 1979இல் அவருக்கு 25 முதல் 50 ஆண்டுகள் சிறை. தாக்கியவனுக்கு மீசை தாடி இல்லை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். சம்பவம் நடந்ததாகச் சொன்ன சில நாட்களிலேயே கைதானபோது டாட்சனுக்கு நல்ல அடர்த்தியான மீசை. ஆய்வக நிபுணர் ரத்த வகையைக் காட்டிச் சாட்சி சொன்னார். புகார் கொடுத்தவளுக்கும் அதே ரத்த வகைதான், ஆகவே அந்தச் சோதனை டாட்சனை அவ்வளவாகச் சுட்டவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டுமே கண் முன்னால் இருந்த விஷயங்கள். நின்று பார்க்க ஆளில்லை.

1985இல் அந்தப் பெண்ணே முன்வந்து, நடந்தது எல்லாம் கட்டுக்கதை, காதலனால் கருவுற்றிருப்போமோ என்ற பயத்தில் சொன்னது என்றாள். முதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டனை விதித்த அதே நீதிபதி, இந்த இரண்டாவது வாக்குமூலத்தை நம்ப மறுத்தார். ஆளுநரும் மன்னிப்பு தரவில்லை. அனுபவித்த தண்டனை போதும் என்று வெளியே விட்டார், அவ்வளவுதான். டிஎன்ஏ சோதனைக்குப் பிறகு, 1989இல்தான் தீர்ப்பு ரத்தானது.

இதைப் படிக்கும் சிலர், பார்த்தீர்களா, பொய்ப் புகார் கொடுப்பவர்களைத் தண்டிக்கவேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி என்பார்கள். அவர்களுக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும்.

2008இல் வாஷிங்டன் மாநிலத்தின் லின்வுட் நகரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, ஒருவன் வீடு புகுந்து தன்னைக் கட்டிப்போட்டுப் பலாத்காரம் செய்தான் என்று புகார் கொடுத்தாள். மருத்துவமனைப் பரிசோதனையில் மணிக்கட்டில் காயங்கள் பதிவாகியிருந்தன. ஆனால் அவளுக்கு நெருக்கமானவர்களே சந்தேகத்தைக் கிளப்ப, அதிகாரிகளின் பார்வை மாறியது. அழுத்திக் கேட்டார்கள். நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து, நடந்தது உண்மைதான் என்றாள். சிறைக்குப் போக நேரிடும் என்று பயமுறுத்தினார்கள். மறுபடியும் பின்வாங்கினாள். பொய்ப் புகார் கொடுத்ததாக அவள்மேலேயே வழக்குப் போட்டு, 500 டாலர் கட்டச் சொன்னார்கள்.

அந்தக் குற்றவாளி வெளியேதான் இருந்தான். 2011இல் கொலராடோவில் அவன் பிடிபட்டபோது, அவனிடம் இந்தப் பெண்ணின் படங்கள் இருந்தன. கொலராடோ அதிகாரிகள் வெவ்வேறு ஊர்ப் புகார்களைச் சேர்த்து வைத்துப் பார்த்து, ஒவ்வொரு துப்பாகத் தொடர்ந்து போய் அவனைப் பிடித்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் பொய்யை நம்பி, உண்மையைத் தள்ளினார்கள். இரண்டாவதில் உண்மையைத் தள்ளி, பொய்யை நம்பினார்கள். விசாரிப்பவர் மனதில் ஏற்கெனவே விழுந்துவிட்ட முடிவுக்கு எந்த வாக்குமூலம் பொருந்தியதோ, அதுவே இரண்டிலும் உண்மை ஆனது. மீசையும் மணிக்கட்டுக் காயமும் அந்த முடிவுக்குத் தொந்தரவாக இருந்தன. ஓரங்கட்டப்பட்டன.

அமெரிக்காவில் 1989 முதல் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்களின் தேசியப் பதிவேட்டில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தவறுகளுக்கான காரணங்களில் அதிகம் காணப்படுவது பொய்ச்சாட்சியமும் பொய்க் குற்றச்சாட்டும். பொய் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதைத் தடுக்க உங்களால் ஆகாது. ஆனால் பொய் தீர்ப்பாக மாறுவது உங்கள் கையெழுத்தில்தான்.

தவறைத் திருத்துவதில் நீங்கள் காட்டும் நிதானம் இதைவிடக் கொடுமை. ஜப்பானில் இவாவ் ஹகமடா என்பவர் ஒரு கொலை வழக்கில் 1966இல் கைதானார், 1968இல் மரண தண்டனை பெற்றார். விசாரணையில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் மறுத்தார், எடுபடவில்லை. 2014இல் மறுவிசாரணைக்கு உத்தரவாகி வெளியே வந்தார். அரசுத் தரப்பு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்துகொண்டே போனது. 2024 செப்டம்பரில், 88 வயதில், அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. சான்றுகள் ஜோடிக்கப்பட்டவை என்று நீதிமன்றமே சொன்னது. இத்தனை பிடிவாதம் யாருக்காக?

விசாரணையை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை பதிவு செய்யுங்கள். கடைசியில் படிக்கப்படும் ஒப்புதலை மட்டும் பதிவு செய்வது போதாது. சந்தேகத்துக்கு உள்ளானவரிடம் மட்டுமல்ல, புகார் கொடுத்தவரிடம் கேட்கும்போதும் அப்படியே. அரசுத் தரப்பிடம் இருக்கும், தன் வழக்கைப் பலவீனப்படுத்தும் காகிதத்தையும் எதிர்த்தரப்புக்குக் கொடுங்கள். தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகத் தடயங்களை அழிக்காதீர்கள். தவறாகத் தண்டிக்கப்பட்டதாகச் சொல்பவர்களின் வழக்குகளை ஆராய, இங்கிலாந்தில் 1997 முதல் இயங்குவது போன்ற ஒரு தனி மறுஆய்வு ஆணையம் எல்லா நாட்டுக்கும் வேண்டும். அமைப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதும் அங்கேயே தெரிந்தது: பலாத்காரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஆண்ட்ரூ மால்கின்சனின் வழக்கில் வேறொரு ஆணின் டிஎன்ஏ 2007இலேயே தெரியவந்தும், ஆணையம் அவர் மனுவை இரண்டு முறை தள்ளியது. 17 ஆண்டுகள் சிறையில் கழித்த அவர்மீதான தீர்ப்பு ரத்தானது 2023இல்தான்.

கடைசியாக ஒன்று. முன்பு பொய் சொன்னேன் என்று ஒருவர் தானாக வரும்போது, பொய்ச்சாட்சி வழக்கைக் காட்டி வாசலிலேயே மிரட்டாதீர்கள். அப்படி வருபவரை உடனே நம்பவும் வேண்டாம். அவரை யாராவது அழுத்தியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள், சொல்வது தடயங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தானாக முன்வந்து உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனையில் சலுகை உண்டு என்று சட்டத்தில் எழுதுங்கள். தண்டிக்கப்பட்டவர் உள்ளே இருக்கும்போது, அவருக்காகத் திறக்கக்கூடிய ஒரே வாய் பல நேரம் அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் தீர்ப்புகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்