சிவப்பாக இருந்தால் கொசுப்புழுவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'ஏரியில் சிவப்புக் கொசுப்புழுக்கள். பிளீச்சிங் பவுடர் தூவப் பொதுமக்கள் கோரிக்கை' என்று எங்கள் ஏரியைப் பற்றிப் போன வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். பொதுமக்களில் நானும் ஒருவன்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

கொசுப்புழு மேலே வந்து மூச்சு வாங்கும். இது அடிச்சேற்றில் கூடு கட்டிக் கிடக்கிற ரத்தப்புழு. வளர்ந்து பறந்தாலும் கடிக்காது. மீன் குத்தகை எடுத்து அந்த ஏரியில் இறங்கியவன் சொல்கிறேன், சாதாக்கெண்டை சேற்றைக் கிளறுவதே இதைத் தின்னத்தான்.

உங்களுக்குத் தெரியாததா? அதன் சிவப்புக்குக் காரணம் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு வகை ஹீமோகுளோபின். அதனால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். முன்பு வரத்துக்கால்வாய்ப் பக்கத்து மணலில் மட்டி இருக்கும், பாசிக்குள் நத்தையும் தட்டான் குஞ்சும் இருக்கும், மதகடி ஆழத்தில்தான் இந்தப் புழு. இப்போது எங்கே கை விட்டாலும் கறுப்புச் சேறு, நாற்றம், ரத்தப்புழு. தெருச் சாக்கடை வந்து விழுந்து அழுகுகிறது, இருக்கிற ஆக்சிஜனை அதுவே தின்றுவிடுகிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. செய்தி அதுவல்லவா?

பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக 1996இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன மாவட்டம் இது. பாலாறு என்றால் உங்களுக்கு முதல் பக்கம். வீட்டுச் சாக்கடைக்கு மூலையில்கூட இடமில்லை.

இரண்டு கோடைக்கு முன் விடியற்காலையில் மீன் செத்து மிதந்தபோதும் இப்படித்தான், 'விஷம் கலந்தது யார்?' என்று போட்டீர்கள். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், சூடேறிய தண்ணீரில் அது தங்கவும் தங்காது என்று விளக்கி எழுதினேன். அந்தக் கடிதம் உங்கள் குப்பைக்கூடையில் நலமாக இருக்கும். குத்தகைக்காரன் என்பதால் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தது நான்.

அப்புறம் தூர்வாரியபோது நீங்கள் போட்ட அந்த 'ஏரிக்குப் புத்துயிர்' புகைப்படம். காய்ந்த ஏரியில் மழைக்காக மண்ணுக்குள் மூடி போட்டுத் தூங்குகிற நத்தையையும் சேர்த்து ஜேசிபி வாரி, செங்கல் சூளைக்கு அனுப்பியது. பக்கத்தில் நின்று சிரித்தவர்கள் பெயரெல்லாம் பிழையில்லாமல் போட்டிருந்தீர்கள்.

சரி, நான் கேட்பது நாலு வரி. அது கொசுப்புழு இல்லை, பிளீச்சிங் பவுடர் மீனையும் கொல்லும் என்று ஒரு திருத்தம். மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன, திங்கட்கிழமை தூவுகிறார்களாம். ஞாயிறு இதழில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மீன் குத்தகைதாரர்,
கே.வி.குப்பம் வட்டம், வேலூர் மாவட்டம்