வேலூரிலிருந்து வந்த பிறகு துணைநின்றவர்களுக்கு

கல்லடி, நாவற்குடா உறவுகளுக்கும் எங்கள் பாடசாலைச் சமூகத்துக்கும் வணக்கம்.

இரத்தப் புற்றுநோய்க்காக வேலூருக்கு எலும்பு மச்சை (எலும்புக்குள் இரத்தம் உருவாகும் பகுதி) மாற்றச் சென்றபோது பணம் சேர்த்துத் தந்தவர்களுக்கு அப்போதே நன்றி சொல்லிவிட்டேன். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான், தம்பி பொருந்தினான், அவனே மச்சை தந்தான். என் இரத்தமும் பி வகையிலிருந்து அவனுடைய ஓ வகைக்கு மாறிவிட்டது. (சாரதி அனுமதிப்பத்திரத்தில் இன்னும் பழையதுதான்.)

இந்த மடல் அதற்குப் பிறகு உதவியவர்களுக்கு. சுகமாகி வந்துவிட்டாள் என்று ஊர் நினைத்தபோதுதான் என் உண்மையான கஷ்டம் தொடங்கியது. தம்பியின் மச்சையிலிருந்து வந்த அணுக்கள் என் உடம்பை அந்நியமாகப் பார்த்ததில் கண்ணும் வாயும் வறண்டன. அதை அடக்கும் மாத்திரையால் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தது. ஸ்டீராய்டால் முகம் ஊதியது. "ஆள் நல்லா உடம்பு வைச்சிட்டா" என்றவர்களும் உண்டு. சரி, விடுவோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் மாடி கட்டத் தொடங்கியதும் பயந்துபோனேன். கட்டடத் தூசியில் வரும் பூஞ்சணம் எங்களைப் போன்றவர்களின் நுரையீரலைப் பிடித்துவிடும். ஒருமுறைதான் சொன்னேன். எங்கள் பக்கம் முழுக்கத் தறப்பாள் கட்டினார். சீமெந்து குழைக்கும் இடத்தை வளவின் மறுமூலைக்கு மாற்றினார். மேசன்மார் தண்ணீர் தெளிக்காமல் ஒருநாளும் கூட்டவில்லை.

அதிபர் கீழ்மாடி வகுப்பைத் தந்து, கடைசிப் பாடவேளைகளிலிருந்தும் என்னை விடுவித்தார். கதிரையில் இருந்தபடியே படிப்பித்தேன். தடிமன் பிடித்த பிள்ளை தானாகவே கடைசி வாங்குக்குப் போய்விடும்.

சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் இந்தச் சிகிச்சையோடு போய்விடுவதால் மறுபடி போடவேண்டும். கைக்குழந்தைகளுக்கு நடுவே நின்ற என்னைச் சிரிக்காமல் கூப்பிட்ட குடும்ப நல உத்தியோகத்தருக்கு நன்றி.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைத் தாதி அக்காவை எப்படி மறப்பேன்? மாதவிடாய் முன்கூட்டியே நின்றது, கணவரோடு நெருங்குவதில் வந்த வலி, இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வது? அவர்தான் கதவைச் சாத்திவிட்டு, தானாகவே கேட்டார். பெண்நோயியல் வைத்தியரிடம் அனுப்பியதும் அவரே. அன்று நன்றாக அழுதேன், அப்புறம் நன்றாக நித்திரை வந்தது.

செத்த வீடுகளுக்கும் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கும் நான் வராததை ஒருவரும் குறையாக எடுக்கவில்லை. அதுவும் பெரிய உதவி.

இப்போதும் பின்னேரம் படுத்தே ஆகவேண்டும். அந்த நேரம் போன் எடுக்காவிட்டால் கோபிக்காதீர்கள். மற்றபடி தாராளமாக வீட்டுக்கு வாருங்கள். தடிமன் என்றால் மாறியபின் வாருங்கள். எருமைத் தயிர்ச் சட்டியை மட்டும் இன்னும் கொஞ்சக் காலத்துக்குக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் ரீச்சர்